கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள்

மயிலம் கூட்டுரோடு,
18.7.2025

ஃபர்ஹானா,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. நேற்று உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். செய்த பிறகுதான் உன்னைத் திட்டுவதற்கு வழியில்லாமல் போனது உறைத்தது. அதனால் போஸ்ட் ஆபீஸில் உறை வாங்கி எழுதுகிறேன்.

புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாய். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று நீ எடுக்கிற சர்க்கார் கணக்கெடுப்புக் குலுக்கலில் எங்கள் ஊர் விழுந்ததாம், ஊருக்குள் எங்கள் வீடும் விழுந்ததாம். அதற்கு நீ என்ன செய்வாய், பாவம். திண்டிவனம் கல்லூரியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்று அம்மா உனக்கு மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்திருக்கிறாள். தின்றாய். நல்லது. நான் அப்போது திண்டிவனம் நூலகத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து கேட்டேன்.

"என்னம்மா எழுதிக்கினு போனா?"

"எல்லாரப் பத்தியும் கேட்டுச்சு. உன்னப் பத்தி, அது வீட்டோட இருக்குதுன்னேன். சரிம்மான்னு அந்தப் பெரிய செல்போனு மாதிரி பலகையில ஒரு தட்டு தட்டிக்கினு அடுத்ததுக்குப் போயிடுச்சு."

"பிரவீனுக்கு?"

"தம்பி வேலை தேடிக்கினு இருக்கான்னேன். அதுக்கு நெறைய கேட்டுச்சு."

என் தம்பி பிரவீன்குமார் எழுந்திருப்பதே பதினோரு மணிக்கு. எழுந்ததும் அவன் தேடுவது செல்போன் சார்ஜரை. இன்ஜினியரிங் முடித்து ஒரு வருஷத்தில் ஒரு விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. அவன் வேலை தேடுகிறவன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து மூன்று வருஷமாகப் பரீட்சைக்குப் படிக்கும் நான் வீட்டோடு இருக்கிறவள். ஒரே கூரை, ஒரே அம்மா, எழுதியது என் தோழி.

நீ வந்ததற்கு நாலு நாள் முன்னால்தானே குரூப் ஃபோர் பரீட்சை? காலை ஆறு மணிக்கு எனக்கு 'ஆல் தி பெஸ்ட்' அனுப்பியவள் நீதானே? பரீட்சை எழுதுவதும் வேலை தேடுவதுதான் என்று அம்மாவுக்குத் தெரியாது, சரி. உனக்கும் தெரியாதா?

பதில் வேண்டாம். அப்படியே எழுதினாலும் தபாலில் எழுது. கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

கலைப்பிரியா


விழுப்புரம்,
22.7.2025

அன்புள்ள கலை,

நீ போடாத 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை ஹாஸ்டல் வார்டன் ராஜாமணி அக்காதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்குக் கடிதம் வந்ததை அவர்களால் நம்பவே முடியவில்லை. "ஏதானா கோர்ட்டு கேஸாம்மா?" என்று பக்கத்திலேயே நின்றார்கள். படித்து முடித்தபோது என் முகம் போன போக்கைப் பார்த்து, கேஸேதான் என்று முடிவு செய்து போய்விட்டார்கள்.

நீ சொல்வது சரி. எங்கே தவறினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கணக்கில் மூன்று பெட்டிகள். வேலை செய்கிறவர், வேலை இல்லாதவர், இரண்டிலும் சேராதவர். 'வேலை இல்லாதவர்' என்றால் சும்மா இருப்பவர் என்றுதான் ஊரே நினைக்கிறது. அப்படி இல்லை. வேலை வேண்டும் என்று நிற்கிறவர்தான் வேலை இல்லாதவர். படிக்கிறவர், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், வேலையே வேண்டாம் என்று இருப்பவர் எல்லோரும் மூன்றாவது பெட்டி. யார் எந்தப் பெட்டி என்று தெரிய, கடந்த ஏழு நாட்களைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வேலை தேடினாரா? வேலை கிடைத்தால் போவாரா? எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசிக்க வேண்டும், நாமாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன்.

பிரவீனுக்கு இரண்டையும் வாசித்தேன். உனக்கு ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

ஏன் என்று உங்கள் வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்தே யோசிக்கிறேன். அம்மா மல்லாட்டைத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "அது வீட்டோட இருக்குதும்மா" என்றபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அதற்கு மேல் 'தேடினாரா, கிடைத்தால் போவாரா' என்று கேட்டால், மூன்று வருஷமாகக் கிடைக்காததைக் குத்திக் காட்டுவது போல ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. உன் பரீட்சை எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் தட்டிவிட்டேன். விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டேன் கலை, கணக்கெடுக்க வந்தவளாக உட்காரவில்லை.

நாளைக்கு ஆரோக்கியராஜ் சாரிடம் சொல்லிவிடப் போகிறேன். அவர்தான் எங்கள் மேற்பார்வையாளர். ஆகஸ்டில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் சிபாரிசு வேண்டும். ஆனாலும் சொல்வேன். பரீட்சை எழுதியதும் வேலை தேடியதுதான். உன் ஹால் டிக்கெட்டை ஒரு நகல் எடுத்து அனுப்பு. அதைக் காட்டித் திருத்த முடியுமா என்று கேட்கிறேன்.

என்னை மன்னிக்க அவசரமில்லை. நகலை மட்டும் ஜல்தியாக அனுப்பு.

ஃபர்ஹானா


மயிலம் கூட்டுரோடு,
28.7.2025

ஃபர்ஹானா,

சாரிடம் சொல்லாதே. இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருந்தால் என்னை மன்னித்துவிடு.

ஹால் டிக்கெட் இருக்கிறது. மடிப்புக்கூடக் கலையாமல் புத்தகத்துக்குள் இருக்கிறது. பரீட்சை அறைக்கு அது போகவே இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலை எட்டேகாலுக்குத் திண்டிவனத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்தேன். கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி ஓடினாள். எனக்குக் கால் எழவில்லை. நெஞ்சுவலி, மயக்கம் என்று ஏதாவது வந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஆகியிருக்கும். ஒன்றும் வரவில்லை. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். திருவக்கரை பஸ் நின்றிருந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரப் பூங்காவில் மதியம் வரைக்கும் சுற்றினேன். பக்கத்துக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் தங்களை போட்டோ எடுக்கச் சொன்னது, நாலைந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, "சுமாரா எழுதியிருக்கேம்மா" என்றேன்.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். போன முறை ரிசல்ட் வந்த பிறகு, எட்டு மாதமாக நான் எதையும் தேடவில்லை. தினமும் நூலகத்துக்குப் போவது உண்மை. அங்கே போய் வாரப் பத்திரிகையில் சமையல் குறிப்பு படித்துவிட்டு வருவதும் உண்மை. உன் இரண்டாவது கேள்வியை என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்த வாரம் யாராவது வேலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். பயந்துபோய் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

ஆக, நீ கேட்காமலே சரியாகத்தான் தட்டியிருக்கிறாய். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அழுதுகொண்டே எழுதினேன் என்று நினைக்காதே. எழுதி முடித்ததும் நன்றாகப் பசிக்கிறது. அம்மா கேப்பைக் களி கிண்டியிருக்கிறாள்.

கலை


விழுப்புரம்,
2.8.2025

அன்புள்ள கலை,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஆபீஸே அமைதியாகிவிடும். "தெரிஞ்சவங்க வூட்ல சாப்ட்டுக்கினு கணக்கெடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றார். உன் பரீட்சையைச் சொல்லித் திருத்தலாமா என்று கேட்டேன். "அந்த ஏழு நாள் போயிடுச்சும்மா. அக்டோபர்ல அதே வூட்டுக்கு மறுபடி போவணும் இல்ல, அப்ப ஒழுங்கா கேளு" என்றார். தண்டனையாக, நான் எடுத்த வேறு பத்து வீடுகளுக்கு என்னையே திரும்ப அனுப்பினார். வெயிலில் கறுத்துப்போய் வந்தேன். ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது. அதனால் நீ அழ வேண்டிய அவசியம் இல்லை, களியைச் சாப்பிடு.

நீ பரீட்சைக்குப் போகவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீ எழுதியதைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது. அதிர்ச்சியாக இல்லை. என் அண்ணன் யாஹ்யாவை உனக்குத் தெரியுமே, துபாய் போகப்போகிறான் என்று கோட்டக்குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோமே. இரண்டாவது தடவை விசா தவறியதும் தினமும் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். கேட்டால், "விசாவுக்கு வெயிட்டிங்" என்பான். ஏஜென்ட் நம்பரையே போனிலிருந்து அழித்துவிட்டிருந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மனசு நோகும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே கரிசனம். இப்போது அந்தக் கடற்கரையிலேயே ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பில் இருக்கிறான், வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறான்.

உனக்கும் அதே கரிசனத்தைத்தான் காட்டியிருக்கிறேன். இனி காட்ட மாட்டேன். ஜூலை மாதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன்: தேடுகிறாயா? கிடைத்தால் போவாயா?

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நான் உன் தோழிதான். 'இல்லை' என்று இருப்பதும் தப்பில்லை. எங்கள் பட்டியலில் அதற்கும் பெட்டி இருக்கிறது, அதில் நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். நீ நிம்மதியாக இல்லை என்பதால் கேட்கிறேன்.

ஃபர்ஹானா


மயிலம் கூட்டுரோடு,
14.9.2025

அன்புள்ள ஃபர்ஹானா,

பார், போட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. உன் கேள்வியைக் காகிதத்தில் பார்த்ததும் இரண்டு நாள் அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நூலகத்தில் சமையல் குறிப்பைத் தள்ளிவிட்டு, பயோடேட்டா எழுத ஆரம்பித்தேன். பரீட்சை போதும் என்று தோன்றிவிட்டது. சோதனைக் கூடத்தில் நின்று வேலை செய்வதுதான் எனக்குப் பிடித்தது என்பதையே மறந்து போயிருந்தேன். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் நிறம் மாறும்போது நீ பியூரெட் குழாயை மூட மறந்து சிந்துவாயே, நான்தானே உனக்கும் சேர்த்துச் செய்வேன்.

திண்டிவனத்தைச் சுற்றி இப்போது நிறையக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. இரண்டு இடத்துக்குப் போய்வந்தேன். முதல் இடத்தில், "மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். பரீட்சைக்குப் படித்தேன் என்றேன். "பாஸ் பண்ணலயா?" என்றார்கள். இல்லை என்றேன். அதோடு சரி. இரண்டாவது இடத்தில் அனுபவம் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இன்னும் நூலகத்துக்குப் போவதாகத்தான் நினைக்கிறார்கள். அப்பாவுக்கு நான் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனால் சரி. கம்பெனி என்றால், "ஷிஃப்டு வேலைக்கெல்லாம் பொம்பளப் புள்ள போவ வேணாம்" என்பார். அரங்கநாதன் மகள் கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்பதா என்று யாராவது கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். அம்மா தானாக எதுவும் சொல்ல மாட்டாள், அப்பா முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவாள். வேலை கிடைப்பதைவிட அதை இவர்களிடம் சொல்வதுதான் எனக்கு மலையாக இருக்கிறது. சொல்லாமல் கிடைத்து என்ன பயன்?

அக்டோபரில் நீ வரும்போது நான் வீட்டில் இருப்பேன். அம்மாவைப் பதில் சொல்ல விடமாட்டேன். அப்பா எதிரிலேயே, 'தேடுகிறேன், போவேன்' என்று நானே சொல்லுவேன். நீ சாட்சி. உன் பலகையில் ஏறிவிட்டால் அப்புறம் எவரும் அழிக்க முடியாதுதானே?

உன் நம்பரை விடுவித்துவிட்டேன். ஆனால் இந்தப் பேச்சுக்குக் கடிதமே வசதி. என் போன் கூடத்திலேயே சார்ஜில் கிடக்கிறது, வருகிறதையெல்லாம் பிரவீன் படிக்கிறான். அவன் தேடலில் அதுவும் ஒன்று.

கலை


விழுப்புரம்,
16.10.2025

அன்புள்ள கலை,

வீட்டில் இருப்பேன் என்றாய். நேற்று வந்தேன், நீ இல்லை. உன் மேல் எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். உன் வீட்டுப் பதிலை உனக்குச் சொல்வதில் தவறில்லை என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா மல்லாட்டையை எடுத்து வந்தார்கள். "இன்னைக்கு தண்ணி மட்டும் போதும்மா" என்றேன். அப்பா ஓரமாக உட்கார்ந்து மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

"கலைப்பிரியா. கடந்த ஏழு நாட்களில் வேலை தேடினாரா?"

"தேடுது" என்றார்கள் அம்மா. "நேத்து சாயந்தரந்தான் எனக்கே சொல்லுச்சு. இன்னைக்கிப் போயிருக்கறது மூணாவது எடமாம்."

அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு அதுவரை தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதற்கு மேல் ஏன் வம்பு என்று கூச்சம் மறுபடி எட்டிப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு அடுத்ததை வாசித்தேன். "வேலை கிடைத்தால் போவாரா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, "அது கெடச்சா அப்புறம் பாத்துக்கலாம்னு போட்டுக்கம்மா" என்றார்.

"அப்டி ஒரு பெட்டி இல்லீங்கப்பா. ஆம், இல்லை, ரெண்டுதான் இருக்குது."

பிறகு அம்மா, "இத நான் அதுகிட்ட கேட்டதே இல்லியே. மூணு வருஷமா பாஸ் பண்ணியா பாஸ் பண்ணியான்னுதான் கேட்டுக்கினு இருந்தேன். இரு, அதுகிட்டயே கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார்கள். தெரிந்தவரைக்கும் சொன்னால் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாவும் தடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

உன் குரல் வந்த வேகத்தில் பிரவீன் அறைக்குள்ளிருந்து ஓடிவந்தான். அப்புறம் ஏதோ கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்டது, லைன் அறுந்துவிட்டது. அங்கே என்ன நடந்தது?

அப்பா மிஷினின் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "போவேன்னுதே. போட்டுக்க" என்றார். வேலை இல்லாதவர் என்று போட்டேன். ஒருவரை அப்படிப் போட்டுவிட்டுக் கண் கலங்கியது எனக்கு இதுதான் முதல் தடவை.

அடுத்தது பிரவீன். "தேடறேன்னு போடுங்கக்கா" என்றான். "எங்கடா தேடுன, சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றார்கள் அம்மா. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். அவன் எந்தப் பெட்டி என்று நீயே யூகித்துக்கொள்.

ஃபர்ஹானா


மயிலம் கூட்டுரோடு,
18.10.2025

அன்புள்ள ஃபர்ஹானா,

வாக்குத் தவறியதற்கு மன்னிப்பு. நேர்காணலுக்கு வரச்சொல்லி முந்தின நாள்தான் செய்தி வந்தது. உனக்காகப் போகாமல் இருந்தால் நீயே அடித்திருப்பாய்.

அங்கே நடந்தது இதுதான். கம்பெனி வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறோம். ஒருத்தியும் பேசவில்லை. போன் அடித்தது. அம்மா. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"கலை, வேலை குடுத்தா போவியாடி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாக, "போவேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து லாரி ஒன்று போனது. "என்னாது? கேக்கல" என்றாள். "அப்பா இங்கதான் இருக்காரு, சத்தமா சொல்லு" என்றாள். பிறகு என்ன, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "போவேம்மா! குடுத்தா இன்னைக்கே போவேன்!"

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. வெட்கத்தில் போனை அணைத்துவிட்டேன். என் பக்கத்தில் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. அஸ்வினி என்று பெயர், விழுப்புரத்துக்காரி. "உங்கம்மா கேட்டாங்களா?" என்றாள். "எங்க வீட்ல நான் ஃபிரெண்டு வளைகாப்புக்கு வந்திருக்கேன்னு நினைச்சிக்கினு இருக்காங்க" என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள், "நான் தையல் கிளாஸ்" என்றாள். பின்னால் ஒருத்தி, "நான் ரேஷன் கடை" என்றாள். அப்புறம் வரிசையே கலகலத்துவிட்டது. அஸ்வினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒதுங்கிப் போய் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

உள்ளே நன்றாகத்தான் சொன்னேன். மூன்று வருஷம் என்ன செய்தீர்கள் என்று இங்கும் கேட்டார்கள். படித்தேன், எட்டு மாதம் ஒன்றுமே செய்யவில்லை, இப்போது தேடுகிறேன் என்றேன். கேள்வி கேட்ட அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு திரவத்தைக் கொடுத்து டைட்ரேஷன் செய்யச் சொன்னார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தீபாவளி கழித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் செய்யாறு ரோட்டில் இன்னொரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பயந்துகொண்டேதான் வந்தேன். அப்பா அன்றைக்கு என்னோடு ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சாயந்தர ஷிஃப்டு எத்தினி மணிக்கு வுடுவாங்கன்னு கேட்டியா?"

"இல்லப்பா. வேலையே இன்னும் கெடைக்கலயே."

"அது கெடைக்கும். நீ கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அப்பாவின் வண்டியை நீ பார்த்திருக்கிறாய், இரண்டு வருஷமாக அதற்கு முன்விளக்கு எரியாது. பகலில் வயலுக்குப் போக எதற்கு விளக்கு என்று அப்படியே விட்டிருந்தார். இப்போது அதைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போயிருக்கிறார்.

கலை